ஊர் கூடி நிறுத்திய கோபுரம்

தறி அவரவர்க்குரியதாயினும், நூல் வாங்குவதையும் துணி விற்பதையும் கூடிச் செய்தாலே கட்டுபடியாகும் என்பதை நம் அங்கத்தினர்கள் அனுபவத்தில் அறிவர். கைபேசிக் கோபுரமும் அத்தகையதே. ஒரே கோபுரத்தைப் பல கம்பெனிகள் பகிர்ந்துகொள்வது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. 2007இல் மூன்று கம்பெனிகள் கூடி இதற்கெனவே இண்டஸ் டவர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. இதனால் செலவு குறைகின்றது. ஆயினும் கோபுரம் எங்கு வேண்டும் எனத் தீர்மானிப்போர் கம்பெனியாரே. ஆதாயம் தராத சிற்றூர் என் செய்வது?

மெக்ஸிகோ நாட்டு வஹாகா மாநிலத்தில் தலேயா தெ காஸ்த்ரோ என்றொரு மலையூர் உண்டு. ஸபோதெக் மக்கள் வாழும் அவ்வூரில் காப்பி பயிராகின்றது. மக்கள்தொகை ஏறத்தாழ 2,500. பிழைப்பு நாடி அமெரிக்கா சென்றோர் பலர். பெரிய கம்பெனிகள் கைவிரித்துவிடவே, 2013இல் ரைஸோமாட்டிகா என்னும் அமைப்பின் துணையுடன் ஊரார் தாமே ஒரு சிறு கைபேசி நிலையத்தை நிறுவினர். வெளிநாட்டு அழைப்புகள் இணையத்தின் வழியே சென்றமையால் பேசும் செலவு வெகுவாகக் குறைந்தது.

பிற ஊர்களும் இவ்வழியைப் பின்பற்றின. ஆனால் ஒவ்வோர் ஊரும் தனித்தனியே அலைவரிசை உரிமம் பெறுவதும் வல்லுநரை அமர்த்துவதும் இயலுமோ? ஆகவே பொதுச் சங்கம் ஒன்று அமைந்தது. 2016இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் பழங்குடி மக்களின் பயன்பாட்டுக்கென அச்சங்கத்துக்கு உரிமம் வழங்கியது. ஊர்ச் சபை கூடி இசைந்தாலன்றி எவ்வூரும் அதிற்சேர இயலாது. கருவிகள் ஊருக்குச் சொந்தம். உரிமமும் தொழில்நுட்ப உதவியும் எல்லா ஊர்க்கும் பொது. மாதச் சந்தா 40 பெஸோ என வகுத்து, 25 பெஸோவை ஊரில் நிறுத்தி, 15 பெஸோவைப் பொதுச் சங்கத்துக்கு அளித்தனர். நம் ஆரம்பச் சங்கமும் தலைமைச் சங்கமும் போன்ற ஏற்பாடே இது.

குறையும் உண்டு. அவ்வூர்கள் அமைத்தவை பேச்சையும் குறுஞ்செய்தியையும் சுமக்கும் 2ஜி நிலையங்கள். விரைவான இணையத்துக்கு அவை போதா. பழுது பார்ப்பதும் சந்தா திரட்டுவதும் ஊராரின் பொறுப்பே; அதில் தளர்ந்தால் கோபுரம் வெறும் இரும்பாகிவிடும்.

எனினும் ஓர் உண்மை தெளிவு. கருவியைப் பகிர்தல் சிக்கனம். உரிமையையும் பொறுப்பையும் சேர்த்துப் பகிர்தலே கூட்டுறவு. நம் ஊர்களுக்கு இணையக் கம்பி வரும்பொழுது, அதன் பராமரிப்பிலும் கட்டண விகிதத்திலும் நமக்குக் குரல் உண்டா எனச் சங்கக் கூட்டங்களில் வினவுதல் வேண்டும். வினவாதிருந்தால் நாம் வாடிக்கையாளராகவே நிற்போம், அங்கத்தினர் ஆகோம்.