பதிவேட்டில் இல்லாத கோப்புகள்: தரவுத்தள வட்டில் இடத்தை மீட்பது எப்படி?

திருவனந்தபுரம்: கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டின் களியக்காவிளையை ஒட்டி அமைந்துள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதிக் கிராமங்களின் நில விவரங்கள் இன்று காகிதப் பதிவேடுகளில் மட்டும் இல்லை. தண்டப்பேர், போக்குவரவு, நிலவரி ரசீது ஆகியவை மாநில வருவாய்த் துறையின் 'ரெலிஸ்' கணினித் தொகுப்பில் பதிவாகின்றன. மாநில அளவிலான டிஜிட்டல் மறு நிலஅளவைத் திட்டம் 2022 நவம்பர் 1-ஆம் தேதியும், 'என்டெ பூமி' ஒருங்கிணைந்த இணையதளம் 2024 அக்டோபரிலும் தொடங்கப்பட்டன.

பதிவுகள் பெருகும்போது அவற்றைத் தாங்கும் வட்டுகளும் நிரம்புகின்றன. எந்தப் பெரிய தரவுத்தளத்திலும், யாருக்கும் பயன்படாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் கோப்புகள் உருவாக வாய்ப்புண்டு. இவை 'அனாதைக் கோப்புகள்' எனப்படுகின்றன.

எவ்வாறு உருவாகின்றன?

உலகெங்கும் பரவலாகப் பயன்படுத்தப்படும் 'போஸ்ட்கிரெஸ்' தரவுத்தளத்தில், ஒவ்வோர் அட்டவணையும் எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்பாக வட்டில் சேமிக்கப்படுகிறது. எந்த எண் எந்த அட்டவணைக்கு உரியது என்பதை உள்பட்டியல் ஒன்று குறித்து வைக்கிறது. பெரிய அட்டவணையைப் புதிதாக எழுதும் பணியின் நடுவே மின்தடை ஏற்பட்டாலோ, சேவையகம் திடீரென முடங்கினாலோ, பணி நிறைவுறாததால் புதிய கோப்பின் எண் உள்பட்டியலில் செல்லுபடியாவதில்லை. ஆனால் பாதி எழுதப்பட்ட கோப்பு வட்டிலேயே தங்கிவிடுகிறது. முழுத் தரவு அடைவையும் நகலெடுக்கும் காப்புப் பிரதிகளிலும் அது இடம்பெற்று, அங்கும் இடத்தை அடைக்கிறது.

'ஆரக்கிள்' தரவுத்தளத்தில் வேறு வகையில் இது நேரிடலாம். சேமிப்புப் பகுதி ஒன்றை நீக்கும்போது, அதன் கோப்புகளையும் அழிக்குமாறு தனியே குறிப்பிடாவிட்டால், அவை வட்டிலேயே எஞ்சிவிடக்கூடும்.

கண்டறியும் முறை

வட்டில் உள்ள கோப்புகளின் பெயர்களை உள்பட்டியலுடன் ஒப்பிடுவதே அடிப்படை வழி. போஸ்ட்கிரெஸில், கோப்பு எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய அட்டவணையைத் தெரிவிக்கும் வசதி உள்ளது. விடை வெறுமையாக வந்தால் அக்கோப்பு ஐயத்திற்குரியது.

எனினும், வெறுமையான விடை மட்டுமே சான்றாகாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில மறுசீரமைப்பில் விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நீடித்தது. விளவங்கோட்டு நிலத்தின் சர்வே எண்ணை நெய்யாற்றின்கரைப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. அதனால் அந்த நிலமே இல்லை என்றாகிவிடாது. அதுபோலவே, ஒரு தரவுத்தளத்தின் கோப்பை வேறொரு தரவுத்தளத்தில் இருந்துகொண்டு தேடினாலும் வெறுமையான விடையே வரும்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. அந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கும், இன்னும் உறுதிசெய்யப்படாத பணியின் கோப்பும் மற்றவர்களுக்கு உள்பட்டியலில் தென்படாது. அதை அனாதை எனக் கருதி அழித்தால், பயன்பாட்டில் உள்ள தரவே சேதமடையும்.

பாதுகாப்பான வழி

முதலில், முழுமையான காப்புப் பிரதி எடுத்து, அதிலிருந்து தரவை மீட்க முடிகிறதா எனச் சோதிக்க வேண்டும். அடுத்து, நீண்ட நேரப் பணிகள் எதுவும் நடைபெறாத வேளையில் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். சேவையகம் கடைசியாக முடங்கியதற்கு முன் உருவான கோப்புகளையே கணக்கில் கொள்ள வேண்டும். ஒரே அட்டவணைக்குரிய துணைக்கோப்புகளையும், ஒரு ஜிபி அளவில் பிரிக்கப்படும் தொடர்கோப்புகளையும் தனி அனாதைகள் எனக் கருதக் கூடாது.

ஐயத்திற்குரிய கோப்புகளை உடனே அழிக்காமல், தனி அடைவுக்கு நகர்த்திச் சில நாட்கள் கண்காணிப்பது நன்று. 'பிஜி ஆர்ஃபன்ட்' எனும் திறந்த மூலக் கருவியும் முதலில் நகர்த்தி, பின்னரே நீக்கும் முறையைப் பின்பற்றுகிறது. அதே வட்டிற்குள் நகர்த்தினால் இடம் உடனே கிடைக்காது. இறுதியாக நீக்கிய பின்னரே கிடைக்கும்.

வட்டில் மீளும் சில ஜிபி இடத்தின் மதிப்பு குறைவு. தவறாக அழியும் ஒரு கோப்பில் ஒரு கிராமத்தின் போக்குவரவு விவரங்கள் இருந்தால், வரி ரசீதுக்கும் வங்கிக் கடனுக்கும் நில விற்பனைக்கும் காத்திருக்கும் குடும்பங்களே பாதிக்கப்படும் என்பது கவனிக்கத்தக்கது.