இரண்டாம் பாகம் – 9: பென்ஷன் வாங்கும் உளவாளிகள்

தபாலில் வரும் பென்ஷன் காசோலையைக் கிழித்துப்போட்டுவிட்டு, பென்ஷன் அலுவலகத்துக்கு போன் செய்து, “செக் இன்னும் வரவில்லையே” என்று புகார் சொல்கிறார் ஒருவர். பணம் அவருக்குப் பொருட்டல்ல. மறுமுனையில் பேசும் சாராவின் குரலைக் கேட்க அவருக்கு வேறு சாக்கு இல்லை. 2010-இல் வந்த ‘ரெட்’ படத்தின் நாயகன் பிராங்க் மோசஸ் நமக்கு அறிமுகமாவது இப்படித்தான். ஒருகாலத்தில் சிஐஏவுக்காகக் கொலைகள் செய்தவர். நடித்தவர் புரூஸ் வில்லிஸ்.

வாரன் எல்லிஸ் எழுதி, கல்லி ஹாம்னர் வரைந்த மூன்றே இதழ் காமிக்ஸ்தான் படத்துக்கு மூலம். அதில் சிரிப்புக்கு இடமில்லை, ரத்தம்தான். திரைக்கதை எழுதிய ஜான், எரிக் ஹோபர் சகோதரர்கள்தான் அதை நகைச்சுவைப் படமாக்கினார்கள். சுமார் 5.8 கோடி டாலர் செலவில் உருவான படம், உலகெங்கும் 20 கோடியை நெருங்கி வசூலித்தது. இவ்வளவு சம்பாதித்த பிறகு இரண்டாம் பாகம் வராமல் இருக்குமா?

2013-இல் வந்தது. இம்முறை இயக்கியவர் டீன் பாரிசாட். பழைய டிவி தொடர் நடிகர்களை நிஜ வேற்றுக்கிரகவாசிகளிடம் மாட்டிவிட்ட ‘கேலக்ஸி குவெஸ்ட்’ அவர் படம்தான். முடிந்துபோன வேலை விடாமல் துரத்திவருவதில் உள்ள வேடிக்கை அவருக்கு அத்துப்படி.

பிராங்கும் சாராவும் இப்போது ஒரே வீட்டில். அவர் காஸ்ட்கோ கடையில் நிம்மதியாகச் சாமான் வாங்க நினைக்கிறார். அவளுக்கோ அந்த நிம்மதிதான் சலிப்பு. துப்பாக்கி பிடித்தவர் குடித்தனத்துக்கு ஏங்க, போன் பிடித்தவள் துப்பாக்கிக்கு ஏங்குகிறாள். போதாக்குறைக்கு, பிராங்கின் முன்னாள் காதலியான ரஷ்ய உளவு அதிகாரி காத்யா வந்துசேர்கிறாள். மாஸ்கோவுக்குள் 1979-இல் பகுதி பகுதியாகக் கடத்திவைத்த அணுகுண்டைத் தேடிப் போகிற வழியெல்லாம் ஊடல்தான்.

படம் உயிரோடு இருப்பது நடிகர்களின் பழைய கணக்கைத் தொடும் இடங்களில். லண்டன் மனநலக் காப்பகத்துக்குள் நுழைய பிராங்கின் கூட்டாளி விக்டோரியா போடும் பைத்திய வேஷம், தன்னை இங்கிலாந்து ராணி என்று சொல்லிக்கொள்வது. நடிப்பவர் ஹெலன் மிர்ரன். ராணியாக நடித்தே ஆஸ்கர் வாங்கியவர்! உள்ளே அடைபட்டிருக்கும் விஞ்ஞானி ஆந்தனி ஹாப்கின்ஸ். ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ படத்தில் நரமாமிசம் தின்னும் டாக்டர் லெக்டர் அவர்தான். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1986-இல், ‘மேன்ஹன்டர்’ படத்தில் அதே டாக்டராக நடித்த பிரையன் காக்ஸ், இங்கே விக்டோரியாவிடம் உருகும் ரஷ்யர். இரண்டு லெக்டர்கள் ஒரே படத்தில். படம் அதைத் தம்பட்டம் அடிக்கவில்லை.

பிறகு ஏன் சறுக்கியது? முதல் பாகத்தில் முதுமை நிஜமாக இருந்தது. மார்கன் ஃப்ரீமேனின் ஜோ, கல்லீரல் புற்றுநோயோடு முதியோர் இல்லத்தில் இருந்தார். விக்டோரியா பூ அலங்காரம் செய்து விடுதி நடத்திக்கொண்டே, கைப்பழக்கம் விடாமல் அவ்வப்போது கொலை வேலையும் எடுத்தாள். அந்தத் தனிமை தெரிந்ததால்தான் அவர்கள் துப்பாக்கியைத் தூக்கியபோது விசிலடித்தோம். இரண்டாம் பாகத்தில் யாருக்கும் வயதே ஆகவில்லை. பாரிஸ், லண்டன், மாஸ்கோ என்று பறந்துகொண்டே இருக்கிறார்கள். 30 வயது நாயகர்களை வைத்தே இதே கதையை எடுத்திருக்கலாம் என்று தோன்றிவிட்டது. வயதானவர்கள் சண்டை போடுவது ஒருமுறைதான் ஆச்சரியம். அவர்கள் எதை இழந்துவிட்டுச் சண்டைக்கு வருகிறார்கள் என்பதுதான் கதை.

கல்லாவும் அதையே சொன்னது. செலவு 8.4 கோடி டாலராக ஏறியது. உலக வசூல் 15 கோடியைத் தொடவில்லை. தியேட்டர்காரர்களின் பங்கும் விளம்பரச் செலவும் போனால் மிஞ்சுவது எவ்வளவு? ஜூலை 19 அன்று இதனோடு வெளியான ‘தி கான்ஜுரிங்’, சுமார் 2 கோடி டாலரில் எடுத்த பேய்ப்படம், அந்த வார இறுதியில் முதலிடத்தைத் தட்டிச்சென்றது. படம் வெளிவருமுன்பே மூன்றாம் பாகத்துக்குத் திரைக்கதை எழுத ஹோபர் சகோதரர்களை அமர்த்தியிருந்தார்கள். அது படமாகவே இல்லை. 2022-இல் உடல்நலக் குறைவால் வில்லிஸ் நடிப்பிலிருந்தே ஓய்வுபெற்றார்.

அடுத்த வாரம்: முதல் பாகத்து வில்லனையே காவல்காரனாக்கி ஜெயித்த ‘டெர்மினேட்டர் 2’.