சுருள் இல்லாத டிரான்ஸ்ஃபார்மர்

திருச்சி பாலக்கரை பிரபாத் ரவுண்டானா பக்கத்துச் சந்துகளில் ஒரு காலத்தில் டிவி மெக்கானிக் கடை என்றால், பெஞ்சில் கழற்றிப் போட்ட எல்.ஓ.டி. ஒன்றாவது கிடக்கும். சாலிடேர், டயனோரா பெட்டிகளின் படக்குழாய்க்கு ஆயிரக்கணக்கான வோல்ட்டை ஏற்றிக் கொடுத்த கறுப்புச் சுருள் அது. மழைநாளில் லீக் ஆகும். 'சொய்ங்' என்று ஒரு சத்தம், ஓசோன் வாடை, அப்புறம் செலவு.

சுருளே இல்லாமல் வோல்ட்டேஜை ஏற்றலாம் என்று அமெரிக்காவில் சார்லஸ் ரோசன் 1954-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். சுருளுக்குப் பதில் அவர் எடுத்தது ஒரு வகைப் பீங்கான்; கேஸ் லைட்டருக்குள் இருப்பதும் அந்த வகைதான். தட்டினால் மின்சாரம் வரும். மின்சாரம் கொடுத்தால் அதிரும். ரோசன் இரண்டையும் ஒரே பட்டையில் சேர்த்தார். ஒரு பாதியை மின்சாரம் அதிர வைக்கும். அந்த அதிர்வு மறுபாதியில் பெரிய வோல்ட்டேஜாக வெளியே வரும்.

வடிவமைப்பில்தான் சிக்கல். பட்டையின் நீளம் அதிர்வெண்ணை முடிவு செய்கிறது: 4 செ.மீ. பட்டை முழு அலையாக அதிர்ந்தால் சுமார் 80 கிலோஹெர்ட்ஸ். நீண்டு மெலிந்தால் வோல்ட்டேஜ் ஏறும், உடையவும் செய்யும். அரை அலையில் ஓட்டினால் இழுப்பும் அழுத்தமும் உச்சத்தில் இருப்பது நட்டநடுவில். இரு பாதிகளும் சேருமிடமும் அதுவே. 1970-களில் டிவிக்குள் இதைப் புகுத்தப் பார்த்தவர்கள் இந்த உடைசலிடம் தோற்றார்கள்.

1990-களில் ஜப்பானியர்கள் பீங்கானை மெல்லிய அடுக்குகளாகச் செய்து, அதிர்வு குறைவாக உள்ள புள்ளிகளில் மெத்தென்று தாங்கி, லேப்டாப்புக்குள் வைத்தார்கள். எல்லா லேப்டாப்பிலும் அல்ல, பலவற்றில் சுருள்தான். திரைக்கு ஒளி தந்த பேக்லைட் டியூப் பற்றிக்கொள்ள ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் கேட்கும், எரியத் தொடங்கியதும் அதில் பாதி போதும் என்னும். பீங்கானின் குணமும் அதேதான்: சுமை இல்லாதபோது உச்சிக்கு ஏறும், சுமை வந்தால் தானாக இறங்கும். பத்துப் பொருத்தமும் பார்த்த கல்யாணம்!

2010-ஐ ஒட்டி எல்.இ.டி. வந்து டியூப்பையே ஒழித்தது. எல்.இ.டி.க்குச் சில பத்து வோல்ட் போதும். பீங்கான் தோற்றது என்று நான் சொல்ல மாட்டேன்; வேலை போய்விட்டது, அவ்வளவுதான். இன்று அதே சந்துகளில் காதில் விழுவது ஸ்ட்ரிப், பேனல், சாஃப்ட்வேர்.

வேறு வேலை ஜெர்மனியில் கிடைத்திருக்கிறது. ரெகன்ஸ்பர்க்கின் ரெலியான் பிளாஸ்மா நிறுவனம் செய்யும் கையடக்கக் கருவியில், பட்டையின் முனையில் எழும் உயர் வோல்ட்டேஜ் காற்றையே பிளாஸ்மாவாக்குகிறது. பிளாஸ்டிக்கின் மேல் அதைக் காட்டினால் பசையும் மையும் நன்றாகப் பிடிக்கும். தனியாக உயர் வோல்ட்டேஜ் பெட்டி, கேபிள் எதுவும் தேவையில்லை.

ஒரு குறை மட்டும் அப்படியே இருக்கிறது. இந்தப் பீங்கானின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். மின்னணுச் சாதனங்களில் ஈயத்தைத் தடுத்த ஐரோப்பா, ஈடான மாற்று இல்லாததால் இதற்கு விலக்கு கொடுத்து, அதை நீட்டித்துக்கொண்டே வந்திருக்கிறது.