ஃபார்மட் அடிக்கும் முன்: ஆன் செய்ததும் ஹேங் ஆகும் கணினி

கணினியை ஆன் செய்கிறீர்கள். கம்பெனி லோகோ வருகிறது, அதன் கீழே வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன, பிறகு அப்படியே நின்றுவிடுகிறது. சிலருக்குத் திரை முழுக்கக் கறுத்துப்போகும். சிலருக்குக் கலர் கலராகக் கோடு விழும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், “ஃபார்மட் அடிச்சிடலாம் சார்” என்பார்கள். தலையாட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கோளாறு கிராபிக்ஸ் கார்டு (திரையில் தெரியும் படத்தை உருவாக்கித் தரும் பாகம்) பக்கம் இருந்தால், ஃபார்மட் அநேகமாகத் தேவைப்படாது.

படம் காட்டும் கார்டுக்காகக் கணினியே ஏன் நிற்க வேண்டும்?

ஆன் செய்த முதல் சில விநாடிகளுக்குத் திரையைப் பார்த்துக்கொள்வது பயாஸ் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், கணினியை எழுப்பிவிடும் மென்பொருள்). அது கார்டிடம் கேட்பது மிக எளிய படம்தான். லோகோ தெரிவது அதனால்தான். அடுத்து விண்டோஸ் எழுந்து, கார்டுக்கு உரிய டிரைவரை (கார்டுக்கும் விண்டோஸுக்கும் இடையே பேச்சுவார்த்தை நடத்தும் மென்பொருள்) ஏற்றுகிறது. கார்டு முழுத் திறனோடு வேலைக்கு இறங்குவது அப்போதுதான். டிரைவரில் கோளாறு என்றாலும் கார்டிலேயே கோளாறு என்றாலும் இந்த இடத்தில் சிக்கிக்கொள்ளும்.

எது பழுது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். லோகோ ஒழுங்காக வந்து, அதன் பிறகு நின்றால் முதல் சந்தேகம் டிரைவர் மேல். அதுவும் நேற்று அப்டேட் ஏதாவது ஏறியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. லோகோவே வராமல் பீப் பீப் என்று சத்தம் மட்டும் வந்தாலோ, லோகோவின் மீதே கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தாலோ, கார்டு, கேபிள், மானிட்டர் பக்கம் பாருங்கள். பீப் சத்தம் ரேம் பழுதாலும் வரலாம்.

உண்மையிலேயே ஹேங்தானா, திரை மட்டும் போய்விட்டதா?

கீபோர்டில் கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்துங்கள். அதன் குட்டி விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, படம்தான் வரவில்லை. அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் நிறுத்தித் திரும்ப ஓட்டும். திரை ஒரு முறை சிமிட்டிவிட்டுப் படம் வந்தாலும் வரலாம்.

டெஸ்க்டாப் என்றால் கேபினட்டின் பின்பக்கத்தையும் பாருங்கள். மானிட்டர் கேபிள், தனி கார்டு போட்ட பிறகும் மதர்போர்டின் துளையிலேயே செருகியிருக்கும் வீடுகள் நிறைய.

திரையே வராதபோது டிரைவரை எப்படிச் சரிசெய்வது?

அதற்குத்தான் சேஃப் மோடு (அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றி விண்டோஸைத் திறக்கும் முறை) இருக்கிறது. அதில் உங்கள் கார்டின் டிரைவர் ஏறாது. விண்டோஸ் தன் கையிருப்பில் உள்ள சாதாரண டிரைவரை வைத்துச் சமாளிக்கும்.

உள்ளே போக ஒரு வழி உண்டு. லோகோ வந்து புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால், விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்கு வரும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகப் போய், பட்டியல் வந்ததும் 4ஆம் எண்ணை அழுத்துங்கள்.

இப்படி அணைத்து அணைத்துப் போட்டால் கெட்டுப்போகாதா?

விண்டோஸ் இன்னும் திறக்காத நிலையில் உங்கள் ஃபைல் எதுவும் திறந்திருக்காது, பயப்பட வேண்டாம். ஆனால் திரையில் அப்டேட் நடக்கிறது என்ற செய்தி இருந்தால் மட்டும் அணைக்காதீர்கள், காத்திருங்கள்.

இன்னொரு தடங்கலும் வரலாம். சில கணினிகள் 48 இலக்க பிட்லாக்கர் கீ (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதியின் மீட்பு எண்) கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். மொபைலில் அந்தக் கணக்கைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம்.

சேஃப் மோடு திறந்துவிட்டது. அடுத்து?

திறந்ததே நல்ல சேதி. பழுது டிரைவரில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஸ்டார்ட் பொத்தான் மேல் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்பதன் கீழ் உங்கள் கார்டின் பெயர் இருக்கும். அதன் ப்ராப்பர்டீஸில் டிரைவர் என்ற பகுதிக்குப் போய் ரோல் பேக் டிரைவர் கொடுத்தால், முன்பு ஓடிய பழைய டிரைவர் திரும்பி வரும்.

அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் கைவசம் இல்லை என்று அர்த்தம். அப்போது அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுங்கள். டிரைவரையும் சேர்த்து நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் திரை கொஞ்சம் மங்கலாக, எழுத்துகள் பெரிதாக வரலாம். பிறகு என்விடியா, ஏஎம்டி, இன்டெல் இவற்றில் உங்களுடையது எதுவோ அதன் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். லேப்டாப் என்றால் லேப்டாப் கம்பெனியின் தளமே நல்லது.

ஃபார்மட் அடித்தாலும் சரியாகிறதே?

ஆகும், ஏனென்றால் எல்லாவற்றோடும் கெட்ட டிரைவரும் அழிந்துவிடுகிறது. ஆனால் நெட் இணைத்ததும் விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரைத் திரும்பக் கொண்டுவரக்கூடும். பிள்ளைகளின் போட்டோவும் டேலி கணக்கும் போனதுதான் மிச்சம்.

நான் உபுண்டு வைத்திருக்கிறேன், என்ன செய்வது?

ஆன் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் (எந்த சிஸ்டத்தைத் திறப்பது என்று கேட்கும் பட்டியல்) ஆங்கில ‘இ’ எழுத்தை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, நோமோட்செட் (nomodeset) என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஒரே சொல்லாக அடித்து, எஃப்10 அழுத்துங்கள். கார்டை முழுதாக எழுப்பாமல் சிஸ்டம் திறக்கும். இது அந்த ஒரு முறைக்கு மட்டும்தான். உள்ளே போனதும் சரியான டிரைவரைப் போட்டுவிட வேண்டும்.

சேஃப் மோடிலும் நிற்கிறது என்றால்?

இப்போது பாகங்களைப் பார்க்க வேண்டும். லேப்டாப்பை நீங்களே பிரிக்காதீர்கள். டெஸ்க்டாப் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, கார்டின் ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்லாட்டின் ஓரத்தில் உள்ள கொக்கியை விடுவித்துக் கார்டை உருவுங்கள். அடியில் பொன்னிறமாக மின்னும் விளிம்பை உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்து, ‘டக்’ என்று கொக்கி விழும்வரை மறுபடி அழுத்திச் செருகுங்கள்.

கார்டுக்குத் தனியாகப் போகும் பவர் கேபிளையும் பாருங்கள். ஸ்லாட் வழியே அதிகபட்சம் 75 வாட் மின்சாரம்தான் கிடைக்கும். 6 பின் கேபிள் இன்னொரு 75 வாட்டும், 8 பின் கேபிள் 150 வாட்டும் தரும். எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) பழசாகி, கேட்ட அளவைத் தர முடியாமல் போனாலும் கார்டு எழும் நேரத்தில் கணினி நின்றுவிடும். கார்டை மாற்றியும் தீராத ஹேங்குக்கு இது ஒரு காரணம்.

கடைசிச் சோதனை: கார்டை எடுத்துவிட்டு, மானிட்டரை மதர்போர்டில் செருகி ஆன் செய்யுங்கள். ஒழுங்காக ஓடினால் பழுது கார்டிலோ அதற்குப் போகும் மின்சாரத்திலோதான். அப்போதும் ஹேங் ஆனால் ரேம், டிஸ்க் பக்கம் திரும்ப வேண்டும். ஒரு எச்சரிக்கை: பெயர் ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் பிராசசர்களில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. அவற்றில் கார்டு இல்லாமல் திரை வராது.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால்?

எந்த இடத்தில் நிற்கிறது, சேஃப் மோடு திறக்கிறதா, கார்டு இல்லாமல் ஓடுகிறதா என்ற மூன்றையும் சொல்லுங்கள். “வேறு கார்டு போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். கார்டின் பில்லை எடுத்துப்போங்கள், வாரண்டி மிச்சம் இருக்கலாம். கார்டு பழுதால் டிஸ்க்கில் உள்ளவை அழிவதில்லை. ஃபார்மட்தான் வழி என்று கடைக்காரர் அடித்துச் சொன்னால், டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி, உங்கள் ஃபைல்களை நகல் எடுத்த பிறகே சம்மதியுங்கள்.