பொட்டாஷ் மூட்டையும் பீட்டா கதிரும்



எங்க மரவள்ளிக் காட்டுக்கு அப்பா பொட்டாஷ் வாங்கி வந்தார். அதில் கதிர்வீச்சு இருக்குதுன்னு யாரோ சொல்ல, அப்பாயி பயந்துட்டாங்க. "கையில தொடாத கண்ணு" என்று என்னைத் தடுத்துட்டாங்க. வருஷா வருஷம் அப்பாவுக்கு உரம் அள்ளிக் கொடுப்பது நான்தான். அதனால் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கதிர்வீச்சு இருப்பது உண்மைதான். பொட்டாசியத்தில் ஏறத்தாழ 8,500 அணுவுக்கு ஒன்று பொட்டாசியம்-40. அது தானாகவே சிதையும். பத்தில் ஒன்பது தடவை அதன் அணுக்கருவிலிருந்து ஒரு எலக்ட்ரான் பாய்ந்து வரும். அதுதான் பீட்டா துகள்.

கண்ணுக்குத் தெரியாத அதை எப்படிப் பிடிப்பது? 1928-ல் ஜெர்மனியில் கைகர், முல்லர் என்ற இருவர் ஒரு குழாய்க் கருவி செய்தார்கள். குழாயில் வாயு, நடுவில் மின்னழுத்தம் உள்ள கம்பி. பீட்டா உள்ளே நுழைந்தால் ஒரு கணம் மின்சாரம் பாயும். 'டக்' என்று சத்தம் கேட்கும்.

ஆனால் 'டக்' என்றால் ஏதோ வந்தது என்றுதான் அர்த்தம். எந்தத் தனிமத்திலிருந்து வந்தது என்று அது சொல்லாது. ஏன்னா எல்லா பீட்டாவும் எலக்ட்ரான்தான்! அதைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள்:

1. தடுத்துப் பார்ப்பது. பொட்டாசியம்-40 பீட்டாவை முழுசா நிறுத்த சுமார் 2 மி.மீ. அலுமினியத் தகடு வேண்டும். கார்பன்-14க்கு மெல்லிய தகடே போதும். டிரிட்டியத்தின் பீட்டா காற்றிலேயே சுமார் 6 மி.மீ.தான் போகும், குழாய்க்குள் நுழையவே நுழையாது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கனநீர் பயன்படுவதால் டிரிட்டியம் உண்டாகிறது. தண்ணீரில் அது இருக்கிறதா என்று பார்க்க, தண்ணீரை ஒளிரும் திரவத்தில் கலந்து, மின்னும் ஒளியை எண்ணுவார்கள்.

2. காத்திருந்து பார்ப்பது. எண்ணிக்கை 8 நாளில் பாதியானால் அயோடின்-131 ஆக இருக்கலாம். 14 நாள் என்றால் பாஸ்பரஸ்-32. பொட்டாசியம்-40 பாதியாக 125 கோடி வருஷம் ஆகும்!

3. பிரித்துப் பார்ப்பது. ஸ்ட்ரான்சியம்-90 கால்சியம் மாதிரியே எலும்பில் போய்ச் சேரும். பாலில் அது இருக்கிறதா என்று அறிய, வேதியியல் முறையில் தனியாகப் பிரித்துத்தான் எண்ணணும்.

சரி, பொட்டாஷுக்குப் பயப்படணுமா? 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பிலேயே சுமார் 140 கிராம் பொட்டாசியம் உண்டு. அதில் ஒவ்வொரு வினாடியும் 4,000-க்கும் மேற்பட்ட அணுக்கள் சிதைகின்றன. சாப்பாட்டில் கூடுதலாக வரும் பொட்டாசியத்தை உடம்பு வெளியேற்றிவிடும். மூட்டையைத் தொடுவதால் நம்மேல் படும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு.

இதைச் சொன்னதும் அப்பாயி, "அப்போ எனக்குள்ளயும் டக்கு டக்குனு அடிக்குதா?" என்று கேட்டுச் சிரிச்சாங்க. மறுநாள் நான்தான் உரம் அள்ளிக் கொடுத்தேன். அப்புறம் கையை சோப்புப் போட்டுக் கழுவினேன். கதிருக்காக இல்லை, அது உரம் என்பதற்காக!

கதிர்வீச்சு என்று யாராவது சொன்னால் இருக்குதா, எது, எவ்வளவு என்று மூன்றையும் கேளுங்கள். பயப்படுவதா வேண்டாமா என்று அப்புறம் முடிவு செய்யலாம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி