மிளகுக் கிடங்கில் ஒரு கடல்

எர்ணாகுளத்தில் படகேறி ஃபோர்ட் கொச்சியில் இறங்கினோம். சிறிது தொலைவு நடந்ததும், கடலை நோக்கியபடி நிற்கும் ஆஸ்பின்வால் மாளிகை கண்ணில் பட்டது. 1867இல் ஆங்கிலேய வணிகர் ஜான் ஆஸ்பின்வால் தொடங்கிய நிறுவனத்தின் இடம் இது. மிளகு, இஞ்சி, மஞ்சள், தேங்காய் எண்ணெய் முதலிய சரக்குகள் இக்கிடங்குகளில் காத்திருந்து கப்பலேறின.

வணிகம் ஓய்ந்த இவ்வளாகத்துக்கு 2012 டிசம்பர் 12 அன்று புதுவாழ்வு பிறந்தது. ஓவியர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் தொடங்கிய 'கொச்சி-முசிறிஸ் பினாலே' என்னும் கலைத் திருவிழாவின் முதன்மை அரங்காக இது மாறியது. முசிறி நமக்குப் புதிய பெயரன்று. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய துறைமுகம் என அகநானூறு கூறும் ஊர் அது. முதல் விழாவிலேயே விவான் சுந்தரம், பட்டணம் அகழாய்வில் கிடைத்த பானையோடுகளையும் மிளகையும் கொண்டு அப்பழைய துறைமுகத்தை நினைவூட்டும் படைப்பொன்றை இங்கே அமைத்தார்.

நாங்கள் சென்றது 2016இல் தொடங்கிய மூன்றாவது விழாவுக்கு. நீண்ட கிடங்கு ஒன்றின் வாயிலில் காலணிகளைக் கழற்றினோம். உள்ளே தளமெங்கும் கடல்நீர். சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரீட்டாவின் 'வலியின் கடல்' என்னும் படைப்பு அது. ஆடையை உயர்த்திக்கொண்டு, சிரித்தபடியே நீரில் இறங்கினோம். சுவர்களில் இருந்த வரிகளைப் படித்துக்கொண்டே நடந்தோம்.

2015இல் துருக்கிக் கடற்கரையில் உயிரற்றுக் கிடந்த சிரியச் சிறுவன் ஆலன் குர்தியின் படத்தை உலகமே கண்டது. அதே படகில் சென்று மாண்ட அவன் அண்ணன் காலிப்புக்கு அத்தகைய படம் இல்லை. அந்த அண்ணனுக்கே கவிஞர் இப்படைப்பைக் காணிக்கையாக்கியிருந்தார். மறுமுனையை அடைந்தபோது எங்களில் எவரும் பேசவில்லை. திரும்பவும் அதே நீரில்தான் நடந்துவர வேண்டியிருந்தது.

வெண்சுவரும் குளிர்சாதன வசதியும் கொண்ட புதிய கூடத்தில் இப்படைப்பு இவ்வளவு தைத்திருக்குமா என்று எண்ணினோம். கப்பல்களுக்காகவே எழுந்த கட்டடம் இது; வெளியேயும் கடல்தான். சரக்குகளை வரவேற்று அனுப்பிய அக்கரையில், கரைசேராத ஒரு குழந்தையை நினைத்து நின்றோம்.

வாய்ப்புள்ள வாசகர்கள் விழாக்காலத்தில் கொச்சிக்கு ஒருமுறை சென்று வாருங்கள். அருகிலுள்ள 'பெப்பர் ஹவுஸ்' கிடங்கையும் தவறவிடாதீர்கள். ஒரு நாள் முழுவதையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். விரைந்து பார்த்துவிடக்கூடிய இடமன்று அது.