எந்த வலையில் வந்த இறால்?

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் எங்கள் வீட்டுச் சமையலறைகளுக்குத் தனிக்களை உண்டாகிவிடும். ஒடியற் கூழாயினும் சரி, முருங்கைக்காயுடன் சேர்த்துக் காய்ச்சிய குழம்பாயினும் சரி, அதில் நாலு இறால் சேர்ந்துவிட்டால் அதன் சுவையே வேறு. ஆயின், சந்தையிலிருந்து வந்த இறாலைக் கோது நீக்கிக்கொண்டிருக்கும் தாயிடம், "அம்மா, இது எங்கேயிருந்து வந்தது?" என்று பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளை கேட்டால், "கடலிலிருந்துதான்" என்பதற்குமேல் விடை கூறக்கூடியவர் நம்மிற் சிலரே ஆவர். அக்கேள்வி சிறுபிள்ளைக் கேள்வியன்று. இறால் எவ்விடத்தில் வளர்ந்தது, எந்த வலையில் வந்தது என்பனவற்றைப் பொறுத்தே நம் பேரப்பிள்ளைகளின் கலத்திலும் இறாற்கறி இருக்குமா, கரையோரக் குடும்பங்களின் அடுப்பெரியுமா என்பன தீர்மானிக்கப்படவிருக்கின்றன.

இரண்டு வீடுடைய உயிர்

நாம் விரும்பியுண்ணும் வெள்ளை இறால், புலி இறால் முதலியன கடலிற் பிறந்து களப்பில் வளரும் இயல்புடையன. தாய் இறால் ஒரு தடவையில் இலட்சக்கணக்கான முட்டைகளைக் கடலில் இடுகின்றது. ஏறத்தாழ ஒரு நாளுக்குள் அவை பொரிக்கின்றன. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத குஞ்சுகள் பலமுறை உருமாறி, சில வாரங்களில் நீரோட்டத்தின் துணையோடு களப்புகளையும் ஆற்றுக் கழிமுகங்களையும் வந்தடைகின்றன. அங்கே கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையிலும் கடற்புற்களின் நடுவிலும் ஒளிந்திருந்து, சேற்றிலுள்ள உக்கல்களையும் நுண்ணுயிர்களையும் உண்டு சில மாதங்கள் வளர்கின்றன. பருவம் எய்தும் வேளையில் மீண்டும் கடலை நாடிச் செல்கின்றன. ஓர் ஆண்டு அல்லது இரண்டு ஆண்டே அவற்றின் ஆயுள்.

இச்சிறிய வாழ்க்கை வரலாறு நமக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. விரைவாக வளர்ந்து பெருமளவிற் பெருகும் உயிராதலால், அளவறிந்து பிடிப்போமாயின் இறால் எளிதில் அற்றுப்போகாது. பருவமெய்தப் பல்லாண்டுகள் எடுக்கும் கடலாமைக்கோ சுறாவுக்கோ இந்த வலிமை கிடையாது. மற்றையது, களப்பு அழியுமாயின் கடலிலும் இறால் இராது என்பதாகும். தொட்டிலை உடைத்துவிட்டுப் பிள்ளையைத் தேடுவதாற் பயனென்ன?

சீட்டினாற் பங்கிட்ட செல்வம்

அளவறிந்து பிடிப்பது எங்ஙனம் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்லதோர் உதாரணம் உண்டு. கொழும்புக்கு வடக்கே, சுமார் 3,200 ஹெக்டயர் பரப்பில் ஆழங்குறைந்து விரிந்து கிடப்பது நீர்கொழும்புக் களப்பு. அதன் வடபுறத்திலுள்ள ஒடுங்கிய வாயொன்றே அதனைக் கடலோடு இணைக்கின்றது. வளர்ந்த இறால்கள் கடலுக்குச் செல்ல வேண்டுமாயின் அவ்வழியாகவே செல்லுதல் வேண்டும்.

அவ்விடத்திலேதான் நீர்கொழும்பு மீனவர் தம் கட்டுவலைகளை நடுகின்றனர். சிங்களத்தில் இதனைக் 'கட்டுதெல்' என்பர். கம்புகளை நாட்டி, பை போன்ற வலையை அவற்றிற் கட்டி, அதன் வாய் களப்பை நோக்கி இருக்குமாறு விடுவர். இரவு வேளையில், வற்று நீர் கடலை நோக்கிப் பாயும்போது, அதனுடன் செல்லும் இறால்கள் வலைக்குள் வந்து சேரும். இங்கே வலை இறாலைத் துரத்துவதில்லை. இயந்திரம் இல்லை, எண்ணெய்ச் செலவும் மிகச் சொற்பம், களப்பின் அடித்தளம் உழப்படுவதுமில்லை.

வலையைக் காட்டிலும் வியக்கத்தக்கது அதனைப் பங்கிடும் முறை. எல்லா இடங்களிலும் ஒரேயளவு இறால் விழுவதில்லை. நல்ல இடத்துக்காக ஒருவரோடொருவர் போட்டியிட்டால் சண்டை மூளும், வலைகளும் பெருகும். இதனைத் தவிர்ப்பதற்காக, இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரபினையுடைய இத்தொழிலை நான்கு மீனவர் சங்கங்கள் தமக்குள் முறைவைத்து நடத்திவருகின்றன. எந்த இடம் யாருக்கு என்பதைத் திருவுளச்சீட்டுத் தீர்மானிக்கின்றது. இன்று மோசமான இடம் கிடைத்தவனுக்கு இன்னொரு நாள் நல்ல இடம் கிடைக்கலாம். வலைகளின் தொகைக்கும் வரம்புண்டு. 1958 ஆம் ஆண்டில் அரசாங்கம் தனி ஒழுங்குவிதிகளை இயற்றி இவ்வழக்கத்துக்குச் சட்ட வலுவும் அளித்தது.

இம்முறையிற் குறையே இல்லையென்று கூறுவதற்கில்லை. தலைமுறை உரிமையுள்ள குடும்பத்து ஆண்களுக்கே சங்கத்தில் இடமுண்டு. ஏனையோர் வெளியே நிற்கின்றனர். கடல் சென்று முட்டையிட வேண்டிய இளம் இறால்களே வலையில் விழுகின்றன என்பதையும் மறுக்கவியலாது. ஆயினும் நீர் வற்றும் வேளைக்கும் சீட்டின் முறைக்கும் கட்டுப்பட்ட வலை, ஒரு பங்கினைப் பிடித்து மறு பங்கினைக் கடலுக்கு விட்டுவிடுகின்றது. அதனாலன்றோ தலைமுறை தலைமுறையாக இத்தொழில் நிலைத்துள்ளது? யாழ்ப்பாணக் கடனீரேரியில் நம்மவர் நாட்டும் சிறகுவலையும் இவ்வாறே இறால் தானாக வந்து சேருமட்டும் காத்துநிற்கும் வலையாகும்.

கடலடியை வாரும் மடி

இனி, இதற்கு நேர்மாறான வலையொன்றைப் பார்ப்போம். அதுவே இழுவைமடி. பாரமேற்றிய கயிற்றோடு அகன்ற வாயுடைய மடியொன்றை இயந்திரப் படகு கடலின் அடித்தளத்தோடு இழுத்துச் செல்கின்றது. இறால் சிறிதாதலின் மடியின் கண்ணும் சிறிதாகவே இருக்கும். ஆகவே இறாலோடு மீன்குஞ்சு, நண்டு, சங்கு, கணவாய் யாவும் வாரப்படுகின்றன. அவற்றுள் விலைபோகாதவை, பெரும்பாலும் இறந்த நிலையில், மீண்டும் கடலில் வீசப்படுகின்றன. இவ்வாறு உலகக் கடல்களில் வீசியெறியப்படும் மீனில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது வெப்பவலய இறால் இழுவைத் தொழிலினால் நேர்வது என ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2005 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கணித்தது. ஒரு கறிச்சட்டிக்காக எத்தனை உயிர்களின் வீண்சாவு!

இழுவைமடியிற் சிக்கி மூச்சடைத்து இறக்கும் கடலாமைகளின் நிலை மேலும் பரிதாபத்துக்குரியது. மடியினுள்ளே கம்பித்தட்டி ஒன்றைச் சாய்வாகப் பொருத்தி, ஆமை வெளியேற வாயில் வைத்தால், இறால் உள்ளே செல்ல ஆமை தப்பிவிடும். இதனை ஐக்கிய அமெரிக்கா 1987 ஆம் ஆண்டிலேயே விதியாக்கியது. 1989 ஆம் ஆண்டிற் பிறந்த சட்டமொன்று, ஆமைகளுக்குத் தீங்கு செய்யும் முறையிற் பிடித்த இறால் அந்நாட்டில் இறக்குமதியாவதையும் தடுத்தது. வாங்குவோன் மறுத்தால் வலை மாறும் என்பதற்கு இது தக்க சான்று.

இலங்கையில் 2017 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கடலடி இழுவைத் தொழிலைத் தடைசெய்தது. எனினும் பாக்கு நீரிணையில் எல்லை கடந்து வரும் இழுவைப் படகுகளால் வலைகள் அறுபடுவதாகவும் கடல் வறிதாவதாகவும் வடபுலத்து மீனவர் ஓயாது முறையிட்டு வருகின்றனர். இரு கரையிலும் இருப்போர் தமிழரே. இரு பக்கத்திலும் பசித்த வயிறுகள் உண்டு. ஆனால் கடலடி பாழானபின் இரு கரையாருக்கும் மிஞ்சுவது வெறும் நீரேயாகும்.

குளத்தில் வளர்க்கலாமே?

"கடலை விட்டுவிட்டுக் குளத்தில் வளர்த்தாலென்ன?" என்று சிலர் வினவலாம். புத்தளம் மாவட்டத்தில் 1980 ஆம் ஆண்டுகளில் இறால் வளர்ப்பு வேகமாகப் பரவியது. குளம் தோண்டுவதற்காகக் கண்டற் காடுகள் பல அழிக்கப்பட்டன. 1996 ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் பரவியபோது வளர்த்தோர் பெரும் நட்டமடைந்தனர். கைவிடப்பட்ட குளங்கள் பல உவர்நிலமாய்க் கிடந்தன. பிற்காலத்தில் வலயந்தோறும் பயிர்க்கால அட்டவணை வகுத்து நோயைக் கட்டுப்படுத்த முயன்றனர் என்பதும் உண்மையே. ஆதலின் வளர்ப்பு இறால் யாவும் தீதென்று ஒதுக்குவது நியாயமன்று. கடலிறால் யாவும் நன்றென்று கொள்வதும் நியாயமன்று. கண்டலை அழித்த குளமும் கடலடியை வாரிய மடியும் ஒரே தவற்றின் இரு முகங்களேயாம்.

அடுக்களையிலிருந்து தொடங்குவோம்

தொட்டிலாகிய களப்புக்கோ இன்று பகைகள் பல. குப்பையும் கழிவுநீரும் கரையை நிரப்பும் கட்டடங்களும் நீர்கொழும்புக் களப்பை நெருக்குகின்றன. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்கரைக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் என்னும் கப்பல் தீப்பற்றி எரிந்தபோது, பிளாஸ்டிக் மணிகள் கடற்கரையெங்கும் குவிந்தன. மீன்பிடிக்குத் தடை விதிக்கப்பட்டது. வலையிலே குற்றமில்லாதவரும் வருமானமிழந்து வாடினர்.

இவ்வளவு பெரிய காரியங்களிற் குடும்பப் பெண்களும் மாணவரும் என்ன செய்யலாகும் என்று சோர்வடைய வேண்டியதில்லை. சந்தைக்குச் சென்றால், "எவ்விடத்து இறால்? கட்டுவலையா, வீச்சுவலையா, இழுவைமடியா?" என்று வியாபாரியைக் கேளுங்கள். முதல் நாள் அவர் சிரிக்கலாம். பத்துப் பேர் கேட்டால் விடையை அறிந்துவைத்திருப்பார். அடையாளம் தெரியாத மலிவு இறாலை இரண்டு கிலோ வாங்குவதிலும், களப்பில் அளவோடு பிடித்த இறாலை ஒரு கிலோ வாங்குவது மேல். தலையையும் கோதையும் வீசிவிடாமல் அவித்து வடித்தால் அச்சாறே கூழுக்கு மணமூட்டும். வாங்கிய கொஞ்சமும் நிறைவாகும். மாணவர்கள் கண்டற்கரைக்கு ஒருமுறை சென்று, அவ்வேர்களுக்கிடையே துள்ளும் குஞ்சுகளைக் கண்ணாரக் காணட்டும். கண்டவர் அதனை வெட்ட மனங்கொள்ளார்.

அடுத்த ஞாயிறு, "இது எங்கேயிருந்து வந்தது?" என்று பிள்ளை கேட்குமாயின், "கடலிலே பிறந்து, களப்பிலே வளர்ந்து, காத்திருந்த வலையிலே வந்தது" என்று அன்னை விடை கூறட்டும். அவ்விடையை மறைக்காமற் சொல்லக்கூடிய இறாலே நாம் வாங்கத்தக்க இறால்.